கோலும் தடியும்: ஆடு மேய்த்தவர்களின் சொல் தேவை

அன்புள்ள சகோதர சகோதரிகளே, தமிழ் ஞாயிறு பள்ளியில் சங்கீதம் 23 பாடத்துக்கு உங்கள் உதவி வேண்டும்.

நான்காம் வசனத்தின் ‘உமது கோலும் உமது தடியும்’ தான் சிக்கல். தமிழில் இரண்டும் ஒரே பொருள்போலத் தோன்றுவதால், பிள்ளைகள் இரண்டையும் அடிக்கிற பிரம்பாகவே நினைத்துக்கொள்கிறார்கள். அப்புறம் ‘என்னைத் தேற்றும்’ எப்படிப் புரியும்? எபிரேயத்தில் இவை வேறு வேறு. ‘ஷெவெத்’ (வசனத்தின் ‘கோல்’) என்பது ஓநாயை விரட்டும் கம்பு. லேவியராகமம் 27:32-இல் மந்தை அதன் கீழ்தான் ஒவ்வொன்றாகக் கடந்துபோகிறது, பத்தாவது கர்த்தருக்கு. ‘மிஷ்எனெத்’ (வசனத்தின் ‘தடி’) சாய்ந்து நிற்க உதவும் ஊன்றுகோல். கடையில் கிடைக்கும் படங்களில் வளைந்த பிடிக்கம்பு ஒன்றுதான் இருக்கிறது, அது போதாது.

இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் ஆட்டுக்கிடை போட்ட குடும்பத்தினர் யாராவது இங்கே இருக்கிறீர்களா? விரட்டும் கம்புக்கும் ஊன்றும் கம்புக்கும் உங்கள் ஊரில் என்ன பெயர்? தழை ஒடிக்கும் தொரட்டியை எதோடு சேர்ப்பீர்கள்? சிங்கப்பூர் லிட்டில் இந்தியா பக்கம் ஞாயிறு மாலை வரும் வெளிநாட்டு ஊழியர் அண்ணன்மாரில் ஆடு மேய்த்தவர் இருந்தால், அவர் விரும்பினால் மட்டும், இருபது நிமிடம் வந்து பேசட்டும்.

எசேக்கியேல் 34:4-ஐயும் அவரிடமே கேட்க ஆசை: நசல்கொண்டதைக் குணமாக்குவது, எலும்பு முறிந்ததைக் கட்டுவது, காணாமற்போனதைத் தேடுவது. கால் முறிந்த ஆட்டுக்கு எதை வைத்துக் கட்டுவார்கள், எத்தனை நாள்? அடுக்குமாடி வீட்டில் வளரும் பிள்ளைக்கு அந்தக் கட்டைக் கண்ணால் காட்ட வேண்டும்.