வருமான வரி ரீஃபண்ட் 'ப்ராசஸ்டு' என்று காட்டுகிறது, பணம் மட்டும் வரவில்லை

மண்டபம்_கேம்ப்:
எல்லோருக்கும் வணக்கம். அப்பா ரயில்வேயில் ரிட்டையர் ஆனவர், வயது 62. பென்ஷன் மாதம் 21,000. ரிட்டையர்மென்ட் பணத்தை டெபாசிட் போட்டு வைத்திருக்கிறார், 2024-25 நிதியாண்டில் அதற்கு 1,18,000 வட்டி வந்ததில் பாங்கிலேயே 11,800 டிடிஎஸ் (வருமானம் தரும்போதே பிடிக்கிற வரி) பிடித்துக்கொண்டார்கள். வேறு வருமானம் எதுவும் கிடையாது, வரி கட்டுகிற அளவுக்கே வராது, ரிட்டர்ன் போட்டால் பிடித்தது முழுக்கத் திரும்ப வரும் என்று சொன்னதால் ஆகஸ்டில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு நெட் சென்டரில் போட்டோம். இப்போது 2025 டிசம்பர். அந்த ஆளிடம் கேட்டால் "பெங்களூரில் பெண்டிங், தானா வரும்" என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. ஒரு தடவை அவர் ஸ்க்ரீனில் காட்டினார், 'ப்ராசஸ்டு வித் ரீஃபண்ட் டியூ' என்று இருந்தது. பாஸ்புக்கில் வரவே இல்லை. மதுரை பீபிகுளம் வருமான வரி ஆபீசுக்கு நேரில் போனால் வேலை நடக்குமா, இல்லை சும்மா அலைச்சலா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கேணிக்கரை கணக்கன்:
தம்பி, மதுரைக்கு எல்லாம் போக வேண்டாம். ரிட்டர்னைப் பார்ப்பது பெங்களூரில் இருக்கிற சிபிசி என்கிற டிபார்ட்மென்ட் மையம், பணத்தை அனுப்புவது ஸ்டேட் பாங்க். 'ப்ராசஸ்டு வித் ரீஃபண்ட் டியூ' என்றால் "ஆமாம், இவருக்கு இவ்வளவு திருப்பித் தர வேண்டும்" என்று டிபார்ட்மென்ட் ஒத்துக்கொண்டது, அவ்வளவுதான். பணம் கிளம்பியதா, கிளம்பிப் போன இடத்தில் நுழைய முடியாமல் திரும்பியதா என்பது அதற்கு அடுத்த வரியில் இருக்கும். நெட் சென்டர்காரர் அந்த ஒரு வரியைக் காட்டிவிட்டு மூடியிருப்பார்.

லாகின் செய்து 'ஃபைல்டு ரிட்டர்ன்ஸ்' உள்ளே 2025-26 அசெஸ்மென்ட் வருடத்துக்கு (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த வருடம்) நேராக 'வியூ டீடெய்ல்ஸ்' தட்டு. எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று வரிசையாக வரும். அதைப் பார்த்துவிட்டு இங்கே எழுது. என் அனுபவத்தில் இந்த மாதிரி சின்ன பென்ஷன் ரிட்டர்னில் டிபார்ட்மென்ட் வேண்டுமென்றே உட்கார்ந்துகொள்வது அபூர்வம், பாதிக்கு மேல் பாங்க் அக்கவுண்டில்தான் கோளாறு இருக்கும்.

கீழக்கரை டு துபாய்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், இங்கே எங்கள் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் படிப்பீர்கள் என்பதால் சொல்கிறேன். வெளிநாட்டில் இருப்பவர்களின் என்ஆர்ஓ டெபாசிட் (இந்தியாவில் வருகிற பணத்தைப் போட்டு வைக்கிற என்ஆர்ஐ அக்கவுண்ட்) வட்டிக்குப் பிடித்தம் 10 சதவீதம் கிடையாது. 30 சதவீதம், அதன் மேல் 4 சதவீத செஸ், ஆக 31.2. இரண்டு லட்சம் வட்டி என்றால் 62,400 போய்விடும். "எனக்கு வரி வராது, பிடிக்காதீர்கள்" என்று பாங்கில் கொடுக்கிற 15ஜி படிவத்தைக் கொடுத்துத் தடுக்கவும் முடியாது, அது என்ஆர்ஐக்குக் கிடையாது. இந்தியாவில் அந்த வட்டியைத் தவிர வேறு வருமானம் இல்லை என்றால் அவ்வளவும் திரும்ப வரவேண்டிய காசு, ஆனால் நம் ஆட்கள் "பிடிச்சது பிடிச்சதுதான்" என்று விட்டுவிடுகிறார்கள். என் காக்கா (அண்ணன்) வருடக்கணக்கில் அப்படித்தான் விட்டிருந்தார்.

ரிட்டர்ன் போடுகிறவர்கள் கவனிக்க: ஐடிஆர்-1 படிவம் போடக்கூடாது, ஐடிஆர்-2தான். ஊர் சிம் இங்கே வேலை செய்யாவிட்டால் ஆதார் ஓடிபி வராது, நெட் பாங்கிங் வழியாக உள்ளே போய் இ-வெரிஃபை (ரிட்டர்ன் நாம் போட்டதுதான் என்று ஆன்லைனில் உறுதி செய்வது) செய்துகொள்ளலாம். 30 நாளுக்குள் அதைச் செய்யவில்லை என்றால், எந்த நாளில் வெரிஃபை செய்கிறோமோ அதைத்தான் ரிட்டர்ன் போட்ட நாளாக எடுத்துக்கொள்வார்கள். கடைசித் தேதி அதற்குள் தாண்டியிருந்தால் லேட் ரிட்டர்ன் ஆகிவிடும். இன்னொன்று, பான்-ஆதார் இணைப்பு என்ஆர்ஐக்குத் தேவையில்லைதான், ஆனால் நாம் என்ஆர்ஐ என்று போர்ட்டலில் பதிந்திருந்தால்தான் அந்தச் சலுகை. பதியாதவர்களின் பான் 2023 ஜூலையில் செயலிழந்து போனது, பான் உயிரோடு இல்லாமல் ரீஃபண்ட் வராது.

மண்டபம்_கேம்ப்:
அண்ணே, லாகின் செய்ய முடியவில்லை. பாஸ்வேர்டு அவரிடம் இருக்கிறது. கேட்டால் "நான் பார்த்துச் சொல்றேன்" என்கிறார். மொபைல் நம்பர், இமெயில் எல்லாம்கூட அவருடையதையே கொடுத்திருக்கிறார் போல, எங்களுக்கு இதுவரை ஒரு மெசேஜ்கூட வந்ததில்லை.

கேணிக்கரை கணக்கன்:
நினைத்தேன். இந்தப் பக்கம் ஊருக்கு ஊர் இதே கதை. ஒரே நம்பர், ஒரே இமெயிலில் நூறு பேரின் பானை ரெஜிஸ்டர் செய்து வைத்திருப்பார்கள். டிபார்ட்மென்ட் ஒழுங்காக மெயில் அனுப்பிக்கொண்டுதான் இருக்கும், அது அவருடைய இன்பாக்ஸில் படிக்காமல் கிடக்கும். ரிட்டர்னில் குறை என்று வருமான வரிச் சட்டம் 139(9) பிரிவில் நோட்டீஸ் வந்தால் பதில் சொல்ல 15 நாள், பழைய பாக்கியில் ரீஃபண்டைக் கழிக்கப்போகிறோம் என்று 245ல் வந்தால் 21 நாள், எல்லாம் அவர் பார்க்காமலே கடந்து போய்விடும்.

அவரைக் கேட்டுக்கொண்டிருக்காதே. லாகின் பக்கத்தில் 'ஃபர்காட் பாஸ்வேர்டு' போய் அப்பாவின் பான் கொடுத்து, ஆதார் ஓடிபி வழியைத் தேர்ந்தெடு. ஆதாரில் இருக்கிற மொபைல் அப்பாவுடையதுதானே, அதற்கு ஓடிபி வரும், புது பாஸ்வேர்டு போட்டுக்கொள்ளலாம். உள்ளே போனதும் முதல் வேலையாக ப்ரொஃபைலில் நம்பரையும் இமெயிலையும் உங்களுடையதாக மாற்று. சைட் முகவரி இன்கம்டாக்ஸ் டாட் ஜிஓவி டாட் இன், கூகுளில் தேடி முதலில் வருகிற விளம்பரத்தைத் தட்டாதே.

அப்படியே அவர் என்ன போட்டிருக்கிறார் என்பதையும் டவுன்லோடு செய்து பார். 11,800க்கு மேல் ரீஃபண்ட் கேட்டிருந்தாலோ, கொடுக்காத நன்கொடை, கட்டாத இன்சூரன்ஸ் எல்லாம் உள்ளே இருந்தாலோ சொல். "ஜாஸ்தியா வாங்கித் தர்றேன், அதுல எனக்கு இவ்வளவு" என்று கமிஷன் பேசுகிற ஆட்களால் மாட்டிக்கொண்டவர்கள் நிறைய. 2025 ஜூலையில் நாடு முழுக்க 150 இடங்களில் சோதனை போட்டதே இந்தப் பொய்க் கழிவுகளுக்காகத்தான், தமிழ்நாடும் அதில் உண்டு. நோட்டீஸ் வரும்போது அந்த ஆள் இருக்க மாட்டார், பான் யாருடையதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

தொண்டி_நண்டுக்காரன்:
எல்லாவற்றையும் பாங்க் அக்கவுண்ட் தலையிலேயே போட்டுவிடாதீர்கள் அண்ணே. நான் நண்டு கம்பெனிக்குச் சரக்கு எடுத்துக் கொடுக்கிறவன், கமிஷனில் டிடிஎஸ் பிடிப்பார்கள், முன்பு 5 சதவீதம், 2024 அக்டோபரிலிருந்து 2. கம்பெனி என்னிடம் பிடித்தது உண்மை, ஆனால் அவர்கள் காலாண்டுக் கணக்கில் என் பான் நம்பரில் ஒரு எழுத்தை மாற்றிப் போட்டதால் என் 26ஏஎஸ்ஸில் (நம் பானில் பிடித்த வரியெல்லாம் பதிவாகிற பட்டியல்) ஒரு காலாண்டு ஏறவே இல்லை. ரிட்டர்னில் முழுசாகக் கேட்டிருந்தேன், பெங்களூரில் 26ஏஎஸ்ஸில் இருந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிட்டு அனுப்பினார்கள். கம்பெனி திருத்தக் கணக்கு போட்ட பிறகு போர்ட்டலில் ரெக்டிஃபிகேஷன் (திருத்தச் சொல்லும் மனு) கொடுத்துத்தான் வாங்க முடிந்தது. கம்பெனியைத் திருத்த வைப்பதுதான் பெரும்பாடு, ரெக்டிஃபிகேஷன் ஒன்றுமே இல்லை. அதனால் தம்பி, ரீஃபண்ட் எங்கே என்று பார்ப்பதற்கு முன்னால் 26ஏஎஸ்ஸில் அந்த 11,800 முழுசாக இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடு. மார்ச் வரைக்குமான பிடித்தத்துக்குக் கணக்கு கொடுக்க மே 31 வரை நேரம் இருக்கிறது, அதற்கு முன்னால் அவசரப்பட்டு ரிட்டர்ன் போடுகிறவர்களுக்குத்தான் இந்தச் சிக்கல் அதிகம்.

மண்டபம்_கேம்ப்:
உள்ளே போய்விட்டேன் அண்ணே! ஆதார் ஓடிபி வந்தது. நல்லவேளை, பொய்யாக எதுவும் போடவில்லை, பென்ஷனும் வட்டியும் மட்டும்தான். 26ஏஎஸ்ஸில் 11,800 முழுசாக இருக்கிறது. ஆனால் கடைசி வரியில் 'ரீஃபண்ட் ஃபெயில்டு' என்று சிவப்பில் இருக்கிறது, அது நவம்பரிலேயே வந்திருக்கிறது. பாங்க் அக்கவுண்ட் பக்கத்தில் போனால் வேலிடேஷன் ஃபெயில்டு, பெயர் பொருந்தவில்லை என்கிறது. கொடுத்திருப்பது அப்பாவின் ரொம்பப் பழைய அக்கவுண்ட், பாஸ்புக்கில் இனிஷியலோடு சின்னதாகப் பெயர். பான் கார்டில் தாத்தா பெயர் முழுசாகச் சேர்ந்து இருக்கிறது. பாங்கில் போய்ப் பெயர் மாற்ற வேண்டுமா? அங்கே போனால் கெசட் அது இது என்று கேட்பார்களே.

கேணிக்கரை கணக்கன்:
ஒன்றும் மாற்ற வேண்டாம். டிடிஎஸ் பிடித்த பாங்கிலோ பழைய அக்கவுண்டிலோதான் ரீஃபண்ட் வாங்க வேண்டும் என்று சட்டம் இல்லை. அப்பாவின் பென்ஷன் எந்த அக்கவுண்டில் வருகிறது? பென்ஷனுக்காகத் திறந்தது என்றால் பெரும்பாலும் பான், ஆதார் வைத்துச் சரியாகப் பெயர் போட்டிருப்பார்கள். அதை 'மை பாங்க் அக்கவுண்ட்' பக்கத்தில் புதிதாகச் சேர், வேலிடேட் ஆனதும் அதற்கு நேராக 'நாமினேட் ஃபார் ரீஃபண்ட்' பொத்தானை ஆன் செய். இதை மறந்துவிட்டு அக்கவுண்டைச் சேர்த்ததோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் உண்டு. பிறகு 'சர்வீசஸ்' மெனுவில் 'ரீஃபண்ட் ரீஇஷ்யூ' என்று இருக்கும், அதில் ரிக்வெஸ்ட் போட்டு ஆதார் ஓடிபியால் வெரிஃபை செய். தானாக இன்னொரு தடவை அனுப்புவார்கள் என்று காத்திருந்தால் நடக்காது, நாம் கேட்க வேண்டும்.

இனிஷியல் தொல்லை நம் ஊருக்கே உரியது. பானில் இனிஷியலை விரித்து எழுதச் சொல்லி அப்பா பெயரைக் கடைசியில் தள்ளிவிடுவான், பாஸ்புக்கில் ஒரே ஒரு எழுத்து இருக்கும், கம்ப்யூட்டருக்கு இரண்டும் இரண்டு ஆள். கீழக்கரை பக்கம் முகமது என்பதை ஆங்கிலத்தில் ஒவ்வொரு கார்டிலும் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பதும் இதே வகைதான். பழைய கிராம வங்கிப் பாஸ்புக் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. பாண்டியன் கிராம வங்கி 2019ல் தமிழ்நாடு கிராம வங்கியாக ஆனபோது ஐஎஃப்எஸ்சி மாறிவிட்டது, பாஸ்புக் முதல் பக்கத்தைப் பார்த்து பழைய கோடைப் போட்டால் நுழையாது.

வட்டி பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாரும் சொல்வதில்லை. கெடுவுக்குள் போட்ட ரிட்டர்ன் என்பதால் ஏப்ரல் 1லிருந்து மாதத்துக்கு அரை சதவீதம் வட்டி சேர்த்துத் தருவார்கள். அப்பா விஷயத்தில் ஐந்நூறுக்குள் இருக்கும். அக்கவுண்ட் தவறியதால் தள்ளிப்போன காலத்துக்குக் கூடுதலாக எதிர்பார்க்காதே. அந்த வட்டி அடுத்த ரிட்டர்னில் இதர வருமானத்தில் காட்ட வேண்டியது, அசல் ரீஃபண்டுக்கு வரி கிடையாது.

தங்கச்சிமடம் டீச்சர்:
தம்பி, இந்த வருடமும் டிடிஎஸ் பிடித்துவிட்டு மறுபடி இதே அலைச்சல் ஏன்? அப்பாவுக்கு 60 தாண்டிவிட்டதால் 15எச் (15ஜி மாதிரியே, மூத்த குடிமக்களுக்கான படிவம்) கொடுத்தால் பாங்கில் பிடிக்கவே மாட்டார்கள். ஒவ்வொரு நிதியாண்டும் ஏப்ரலிலேயே கொடுக்க வேண்டும், ஒரு தடவை கொடுத்தது அடுத்த வருடத்துக்குச் செல்லாது, இரண்டு பாங்கில் டெபாசிட் இருந்தால் இரண்டிலும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். 2025 ஏப்ரலிலிருந்து மூத்த குடிமக்களுக்கு ஒரு பாங்கில் வருட வட்டி ஒரு லட்சம் வரை பிடித்தமே கிடையாது, முன்பு 50,000தான். அப்பாவுக்கு 1,18,000 என்பதால் 15எச் இல்லாவிட்டால் பிடிப்பார்கள்.

ரீஃபண்டுக்காகக் காத்திருக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. "உங்கள் ரீஃபண்ட் அப்ரூவ் ஆகிவிட்டது, அக்கவுண்ட் நம்பரைச் சரிபார்க்க இந்த லிங்க்கைத் தட்டுங்கள்" என்று எஸ்எம்எஸ் வரும். எங்கள் தெருவிலேயே ஒருவர் தட்டி, கார்டு நம்பரும் ஓடிபியும் கொடுத்துப் பணத்தை விட்டார். ரீஃபண்ட் கொடுக்க டிபார்ட்மென்ட் ஓடிபி, பின் நம்பர், கார்டு நம்பர் எதையும் போனில் கேட்காது.

மண்டபம்_கேம்ப்:
ரொம்ப நன்றி டீச்சர், நன்றி அண்ணே. பென்ஷன் அக்கவுண்ட் வேலிடேட் ஆகிவிட்டது, ரீஇஷ்யூவும் போட்டாச்சு. ரிட்டர்னைப் பார்த்து முடித்ததும் டிபார்ட்மென்ட் அனுப்புகிற 143(1) இன்டிமேஷன் பிடிஎஃப் திறக்கப் பாஸ்வேர்டு கேட்கிறது, லாகின் பாஸ்வேர்டு போட்டால் எடுக்கவில்லை. அப்புறம், அத்தைக்கு 2021-22 நிதியாண்டில் பிடித்தது ஒன்று இருக்கிறது, ரிட்டர்னே போடவில்லை. அது போனதுதானா?

கேணிக்கரை கணக்கன்:
பாஸ்வேர்டு: பான் நம்பர் சின்ன எழுத்தில், தொடர்ந்து பிறந்த தேதி எட்டு இலக்கமாக, நடுவில் இடைவெளி இல்லாமல்.

அத்தை விஷயம் போகவில்லை. சாதாரணமாக ரிட்டர்ன் போடும் காலம் முடிந்துவிட்டது, ஆனால் 119(2)(பி)யில் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு கொடுக்கலாம். 2024 அக்டோபர் சுற்றறிக்கைப்படி அசெஸ்மென்ட் வருடம் முடிந்து ஐந்து வருடத்துக்குள் கேட்க வேண்டும். அவருக்கு அசெஸ்மென்ட் வருடம் 2022-23, அதனால் 2028 மார்ச் வரை நேரம் இருக்கிறது. இதற்குக் காரணம் காட்ட வேண்டும், உடம்பு சரியில்லாமல் இருந்தது, வீட்டில் சாவு என்று எது உண்மையோ அதற்குக் காகிதத்தோடு. மன்னித்தாலும் வட்டி தர மாட்டார்கள். தொகை எவ்வளவு? இரண்டாயிரம் மூவாயிரம் என்றால் விட்டுவிடச் சொல், ஆடிட்டர் ஃபீஸ் அதைவிட அதிகம் ஆகும். பெரிய தொகை என்றால் அந்த வருடத்து 26ஏஎஸ் எடுத்துக்கொண்டு என் ஆபீசுக்கு வா.