பயணி ஏறும் ‘ஆளில்லா’ வானூர்தி: 88.06ஆம் தலைப்புக்குச் சொல் தேடி

மடல் 1 (சென்னை)

அனைவருக்கும் வணக்கம். சுங்கத் தரகர் அலுவலகங்களில் புதிதாக வேலைக்குச் சேருபவர்களுக்குச் சரக்கு வகைப்பாட்டைத் தமிழில் கற்பிக்கும் பாடக்குறிப்பு ஒன்றை எழுதிவருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். சரக்குகளை எண்ணிட்டு வகைப்படுத்தும் சுங்க அட்டவணையில், வானூர்திகளுக்கான 88ஆம் அத்தியாயத்தில் நின்றுவிட்டேன்.

2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் உலகச் சுங்க அமைப்பு, ஆங்கிலத்தில் ‘அன்மேன்ட் ஏர்கிராஃப்ட்’ எனப்படுவதற்கு 88.06 என்ற புதிய தலைப்பை ஏற்படுத்தியது. நாளிதழ் வழக்கைப் பின்பற்றி அதை ‘ஆளில்லா விமானம்’ என்றே நடத்திக்கொண்டிருந்தேன். சென்ற வாரம் அதன் முதல் துணைத்தலைப்பான 8806.10ஐப் பலகையில் ‘பயணிகளை ஏற்றிச் செல்வதற்கான ஆளில்லா விமானம்’ என்று எழுதி முடித்ததும், பின்வரிசை மாணவி ஒருவர் எழுந்து, “உள்ளே பயணி உட்கார்ந்திருக்கும்போது ஆளில்லை என்று எப்படி ஐயா எழுதுவது?” என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. இது ஏட்டளவிலான ஐயமும் அன்று. சீனாவின் ஈஹாங் நிறுவனம் செய்யும் இஎச்216-எஸ், விமானி இல்லாமல் இருவரை ஏற்றிச் செல்வது. 2023 அக்டோபரில் அந்நாட்டு வானூர்தி ஆணையத்தின் வகைச் சான்றும் பெற்றுவிட்டது.

பெரியவை பற்றியும் ஒரு சிக்கல் உண்டு. நம் நாட்டின் 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் 150 கிலோவுக்கு மேற்பட்டதைப் ‘பெரியது’ என்கின்றன. சுங்க அட்டவணையிலோ அந்தச் சொல்லே கிடையாது. 250 கிராம், 7 கிலோ, 25 கிலோ, 150 கிலோ என்று படி வைத்துவிட்டு, அதற்கு மேற்பட்டதையெல்லாம் 8806.29, 8806.99 ஆகிய ‘பிற’ என்னும் இடங்களில் சேர்த்துவிடுகிறார்கள். கடற்படை 2020 முதல் அரக்கோணம் ராஜாளி தளத்திலிருந்து குத்தகைக்கு இயக்கத் தொடங்கிய எம்.க்யூ-9பி என்னும் ட்ரோன் வகை, 5,600 கிலோவுக்கு மேல் எடையுடன் மேலெழக்கூடியது. அதுவும் அங்கே வெறும் ‘பிற’தான். நான் ‘பெரிய’ என்று சேர்த்து எழுதலாமா?

மடல் 2 (தஞ்சாவூர்)

அன்புடையீர், சொல்லுக்கு நாம் வெளியே அலைய வேண்டியதில்லை. புறநானூற்று 27ஆம் பாட்டில், உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்குச் சொல்கிறார்: புலவர் பாடும் புகழுடையோர் விசும்பில் ‘வலவன் ஏவா வான ஊர்தி’ எய்துவர் என்று. ஆள் இல்லை என்று அவர் சொல்லவில்லை. ஊர்தியில் புகழுடையோர் அமர்ந்திருக்கிறார். செலுத்துகிற வலவன் மட்டுமே இல்லை. உங்கள் மாணவி கேட்ட கேள்விக்கு விடை அந்த நான்கு சொல்லிலேயே இருக்கிறது.

வலவன் என்பது தேர்ப்பாகனைக் குறிக்கும் சொல். முல்லைப் பாடல்களில் வினைமுடித்து மீளும் தலைவன், தேரை விரைந்து செலுத்துமாறு ‘வலவ’ என்றே விளிக்கிறான். திறமையைக் குறிக்கும் ‘வல்’ என்னும் அடியிலிருந்தே அது வந்தது என்பது என் துணிபு; வலப்பக்கம் அமர்வதால் வந்தது என்பாரும் உளர், ஆயினும் கடிவாளம் பிடிப்பவனுக்கு இடத்தைவிடத் திறமே முதன்மை. இவ்வளவும் சொன்னபின் ‘சுங்கம்’ என்பதையும் விட்டு, வள்ளுவர் 756ஆம் குறளில் ஆண்ட ‘உல்கு’ என்பதை எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்கத் தோன்றுகிறது.

மடல் 3 (யாழ்ப்பாணம்)

ஐயா அவர்களுக்கு வணக்கம். ‘உல்கு’ வடமொழிச் ‘சுல்கம்’ என்பதன் திரிபு என்று கொள்வாரும் உண்டு என்பதால் அதை இங்கே விட்டுவிடுவோம். ‘வலவன் ஏவா’ என்பது அழகான தொடர். ஆனால் இந்தத் தலைப்புக்குப் பாதிதான் பொருந்தும். 8806.21 முதல் 8806.29 வரை உள்ளவை தொலைக்கட்டுப்பாட்டில் மட்டுமே பறப்பவை. அவற்றை ஒருவர் நிலத்தில் இருந்துகொண்டு ஏவிக்கொண்டேதான் இருக்கிறார். ஏவுபவர் இருக்கும்போது ‘ஏவா’ என்றால் பிழையாகிவிடும். அத்தியாயத்தின் முதற் குறிப்பு தரும் வரையறையைப் பாருங்கள்: விமானி உள்ளே இல்லாமல் பறக்கும்படி வடிவமைக்கப்பட்டது. விமானி எங்கும் இல்லை என்று அது சொல்லவில்லை. ஆகவே ஓர் எழுத்தை மாற்றி ‘வலவன் ஏறா வானூர்தி’ என்று சொல்லிப் பாருங்கள். ஏறாத, ஏறா: ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், இலக்கணம் கெடவில்லை. பயணி ஏறலாம், வலவன் ஏறமாட்டான்.

‘விமானம்’ வேண்டாம் என்பதற்கு எனக்குத் தூய்மைவாதம் காரணமன்று. 88.02ஆம் தலைப்பில் ஹெலிகொப்டரும் இறக்கை விமானமும் ஒன்றாக வருகின்றன. நாங்கள் முன்னதை ‘உலங்கு வானூர்தி’ என்கிறோம். எனவே ‘வானூர்தி’ எங்களுக்கு இயல்பாகவே பொதுப்பெயர். இறக்கையுள்ள ஒன்றை மட்டும் மனத்தில் எழுப்பும் ‘விமானம்’ அந்தப் பொதுமையைத் தராது.

மடல் 4 (தூத்துக்குடி)

வணக்கம். துறைமுகத்தில் பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிச் சரக்குக்கான சுங்கப் படிவம்) தாக்கல் செய்யும் வேலையில் என் தலைமுடி நரைத்துவிட்டது. ‘வலவன்’ என்று அச்சிட்டால் பத்தில் ஒன்பது பேர் சோழனைக் குறிக்கும் ‘வளவன்’ என்று வாசித்து, சோழனுக்கும் சுங்கத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பார்கள். தட்டச்சு செய்பவரே திருத்திவிடுவார். தயவுசெய்து ‘ட்ரோன்’ என்று எழுதுங்கள்.

அதைவிட எனக்குக் கவலை எடையைப் பற்றித்தான். மருந்து தெளிக்கும் ட்ரோன் ஒன்றுக்குத் தாள் தயாரித்த பையன், தொட்டி காலியாக இருக்கும்போது தராசில் வந்த எடையை எழுதிவிட்டான். 10 லிட்டர் தொட்டியை நிரப்பினால் அது வேறு எடை. 88.02 வெற்று எடையைப் பார்ப்பது, 88.06 சுமை, கருவி, எரிபொருள் எல்லாம் சேர்ந்து மேலெழும்போதுள்ள அதிகபட்ச எடையைப் பார்ப்பது. ஒரே அத்தியாயத்துக்குள் இரண்டு எடை. இரண்டுக்கும் ‘எடை’ என்று மட்டும் எழுதினால், துணைத்தலைப்பே மாறிப்போகும். பெயருக்குச் செலவிடும் அக்கறையில் பாதியை இதற்கும் செலவிடுங்கள்.

மடல் 5 (சென்னை)

அனைவருக்கும் நன்றி. தூத்துக்குடி ஐயா சொன்னது எனக்கு உறைத்தது. 88.02க்கு ‘வெற்று எடை’ என்றும், 88.06க்கு ‘பெரும மேலெழல் எடை’ என்றும் பிரித்து, தொட்டிக் கணக்கையே எடுத்துக்காட்டாகச் சேர்த்துவிட்டேன். ‘பெரிய’ என்பதை நீக்கிவிட்டேன்; மூலத்தில் இல்லாத அளவுப்பெயரை மொழிபெயர்ப்பில் ஏற்றினால், விதிகளின் ‘பெரியது’ வேறு, அட்டவணையின் ‘பிற’ வேறு என்ற உண்மை மறைந்துவிடும்.

‘ட்ரோன்’ என்று மட்டும் எழுத மனம் ஒப்பவில்லை. கடைத்தெருவில் விற்கும் பறக்கும் பொம்மையையும் மக்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள். விளையாட்டுக்காக மட்டுமே செய்யப்பட்ட அது 95.03க்குப் போக வேண்டியது. முன்பு படக்கருவியுள்ள சிறியவற்றைக் கேமரா என்றே 85.25இல் வகைப்படுத்திய குழப்பத்திலிருந்து வெளிவரத்தான் புதிய தலைப்பும் வரையறையும் வந்தன. அந்த எல்லைக்கோட்டைத் தாங்கும் சொல் வேண்டும். எனவே ‘விமானி ஏறா வானூர்தி’ என்று எழுதி, பின்னிணைப்பில் ‘ட்ரோன்: காண்க 88.06; பொம்மையாயின் 95.03’ என்று சேர்க்கிறேன். தனிமடலில் கருத்துச் சொன்ன மூவரும் இதற்கே இசைந்தார்கள்.

மடல் 6 (யாழ்ப்பாணம்)

‘ஏறா’ நிலைத்ததில் மகிழ்ச்சி. ‘விமானம்’ வேண்டாம் என்று தள்ளிவிட்டு ‘விமானி’யை வைத்துக்கொள்வது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை, ‘வானோடி ஏறா வானூர்தி’ என்பது எங்கள் பிள்ளைகளுக்கு எளிதில் விளங்கும். ஆயினும் சென்னை வகுப்புக்கு எது விளங்கும் என்பதை நீங்களே அறிவீர்கள்.

மடல் 7 (தஞ்சாவூர்)

பெரும்பான்மைக்கு உடன்படுகிறேன், கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. 8806.91 முதல் 8806.99 வரை உள்ளவை தொலைக்கட்டுப்பாட்டை மட்டும் நம்பியிராமல், முன்பே பதித்த வழியில் தாமே பறக்கவல்லவை. அந்த வரிசைக்கு ‘ஏவா’ என்பதே சரியான சொல். அடுத்த பதிப்பிலாவது அங்கே புறநானூற்றுத் தொடரை ஓர் அடிக்குறிப்பாகச் சேர்க்க வேண்டுகிறேன். அச்சுப்படியை எனக்கு அனுப்பினால், லகர ளகரங்களை நானே பார்த்துத் தருகிறேன்.