காளங்கன்றுக்குக் காயடிப்பு: கையேட்டில் எந்தச் சொல்லைப் போடுவது?

மொழிபெயர்ப்பாளர்:
குழும அன்பர்களுக்கு வணக்கம். கால்நடை உதவியாளர் பயிற்சிக் கையேடு வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. காளங்கன்றுக்கு எந்த வயதில், எந்த முறையில் காயடிப்பது என்ற பாடத்துக்கு மட்டும் இன்னும் தலைப்பு முடிவாகவில்லை. நான் 'காயடித்தல்' என்று போட்டிருந்தேன். கொச்சையாக இருக்கிறது, வகுப்பில் பெண்களும் இருக்கிறார்கள், 'ஆண்மை நீக்கம்' என்று மாற்றுங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கத்தியால் கீறி விதையை எடுப்பது, பர்டிசோ இடுக்கியால் நசுக்குவது, பிறந்த சில நாளில் ரப்பர் வளையம் மாட்டுவது ஆகிய மூன்றுக்கும் பொருந்துகிற சொல் வேண்டும்.

புலவர் ஐயா:
'பிறன்மனை நோக்காத பேராண்மை' என்றார் வள்ளுவர். அந்த ஆண்மையைக் கன்றுக்குட்டியிடமிருந்து எப்படி நீக்குவீர்கள்? என் பரிந்துரை 'எருதாக்கம்'. காளையை எருது ஆக்குவதுதானே வேலை? இன்னொன்றும் சொல்கிறேன். 'தோடுடைய செவியன் விடையேறி' என்கிற தேவாரத்து 'விடை', 'விதை'யின் திரிபே. விதை உடையது விடை, இழந்தது எருது.

கணினித்துறை அன்பர்:
தகரம் டகரமாகத் திரிந்ததற்கு வேறு ஒரு சான்றாவது காட்டுங்கள் ஐயா. தெருநாய்க்கு மாநகராட்சியே 'கருத்தடை' என்கிறது. எல்லாருக்கும் புரிகிறது, கூச்சமும் இல்லை. அதையே போட்டால் என்ன?

கால்நடை மருத்துவர்:
கருத்தடை வேறு. விந்துக் குழாயை மட்டும் வெட்டிவிட்டால் காளை சினைப்படுத்தாது, ஆனால் ஏறும், முட்டும். பருவத்துக்கு வந்த மாட்டைக் கண்டுபிடிக்கவே அப்படிச் செய்த காளைகளை வைத்துக்கொள்வதுண்டு. காயடித்தால் ஹார்மோனே போய்விடும், மாடு அடங்கும். 'எருதாக்கம்' என்றால் ஆட்டுக்கடாவை என்ன ஆக்குவோம்?

என் பெரிய வருத்தம் 'நீக்கம்' என்ற சொல்லில்தான். அதைப் படிக்கும் பையன் கத்தியைத் தேடுவான். பர்டிசோவில் எதையும் நீக்குவதில்லை. தோல் கிழியாது, ரத்தம் வராது, ஈ மொய்த்துப் புழு வைக்காது. விதைக்கு மேலே உள்ள நாளத்தைப் பையின் ஓரத்துக்கு ஒதுக்கி, நழுவாமல் விரலால் பிடித்துக்கொண்டு இடுக்கியை அழுத்தினால் உள்ளே நாளம் நசுங்கும், தோல் தாங்கிக்கொள்ளும். இரண்டு பக்கமும் தனித்தனியாக, ஒரே மட்டத்தில் இல்லாமல் ஏற்ற இறக்கமாக நசுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துக் குறுக்கே ஒரே பிடியாகப் பிடித்தால் பைத்தோலுக்கு ரத்தம் போகாமல் அழுகிவிடும். சரியாகச் செய்தால் விதை சில வாரங்களில் தானே சூம்பிப்போகும். அதுவரை கிடாரிகளோடு விடக் கூடாது, சினையாக்கிவிடலாம். இதில் 'நீக்கம்' எங்கே வருகிறது?

யாழ்ப்பாண அன்பர்:
எங்கட பக்கம் நாம்பனுக்கு, அதாவது இளங்காளைக்கு, 'நலமடிக்கிறது' எண்டுதான் சொல்லுறது. கொச்சையும் இல்லை, நல்ல தமிழ். அதையே எடுக்கலாமே?

கணினித்துறை அன்பர்:
அண்ணா, 'கன்றின் நலம்' என்று முந்தைய பாடத்தில் இருக்கிறது. அடுத்த பக்கத்திலேயே அதை அடித்தால் இங்குள்ள பிள்ளைகள் பதறிவிடுவார்கள்.

கொங்கு விவசாயி:
ஏனுங்க, சொல்லு கெடக்கட்டும். வயசு என்ன போட்டிருக்கீங்க? ஏருக்கும் வண்டிக்கும் பழக்கற காங்கேயங்கன்னைப் பால்குடியிலேயே அடிச்சுட்டா கழுத்தும் திமிலும் திரளாதுங்க. காலுதான் நெட்டையா வளரும். ரெண்டு பல்லு போடற வரைக்கும் விட்டு வெக்கோணும். திமில்ல கறுப்பு ஏறின காளை, அடிச்ச பொறகு வெளுத்து மயிலையாவே நின்னுக்கும்.

கால்நடை மருத்துவர்:
உழவு மாட்டுக்கு அது சரி. ஆனால் வயது ஏற ஏற நாளம் தடிக்கும், வலி கூடும், மரத்துப்போக ஊசி போடாமல் தொடவே கூடாது. ஏருக்குப் போகாத கலப்பினக் கன்றை அவ்வளவு நாள் வைத்திருக்கக் காரணமே இல்லை, 2 மாதத்துக்குள் முடித்துவிடலாம். ரப்பர் வளையம் என்றால் முதல் வாரத்திலேயே. அதற்குப் பிறகு மாட்டினால் புண்ணாகி இசிவு நோய்க்கு வழி திறக்கும். 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, விதித்த முறையில் காயடிப்பதைத்தான் வதையாகக் கொள்வதில்லை. முறை தவறினால் அந்தக் காப்பு இல்லை. அதனால்தான் சொல்லில் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன்.

கல்லூரி ஆசிரியை:
வகுப்பில் பெண்கள் இருப்பதால் கூச்சம் என்றார்களே, அந்த வகுப்பை எடுப்பவள் நான். கன்றின் காலைக் கட்டிப் பிடிப்பதே என் மாணவிகள்தான். அவர்கள் முகம் சுளிப்பது 'ஆண்மை' என்று படிக்கும்போது. காயடித்தல் என்றால் வீட்டிலேயே கேட்டு வளர்ந்த சொல். நாளத்தைத் தட்டி நசுக்கிய பழைய முறை அந்த 'அடி'யிலேயே இருக்கிறது. பர்டிசோ செய்வதும் ஏறக்குறைய அதுதான்.

புலவர் ஐயா:
எளிமை என்ற பெயரில் சந்தைச் சொல்லைப் பாடநூலில் ஏற்றாதீர்கள். விதையைக் குறிக்கும் 'விரை' என்பது மருத்துவமனையில் புழங்கும் சொல்லே. விரைவீக்கம் என்று எழுதுகிறார்கள் அல்லவா? எருதாக்கம் வேண்டாமென்றால் 'விரையொடுக்கம்' என்று வைக்கலாம்.

கணினித்துறை அன்பர்:
வேகத்தடை என்று படித்துவிடப் போகிறார்கள் ஐயா.

மொழிபெயர்ப்பாளர்:
நாளை மறுநாள் அச்சு, இனிக் காத்திருக்க முடியாது. நால்வர் 'காயடித்தல்' பக்கம் வந்துவிட்டீர்கள், அதில் இருவர் 'சரி, போடுங்கள்' என்று தனிமடலில் சொன்னதோடு சரி. தலைப்பு 'காயடித்தல்'. உட்தலைப்புகள் 'கீறி எடுத்தல்', 'நசுக்குதல்', 'வளையமிடுதல்'. 'நலமடித்தல்' சொல்லடைவில் ஈழ வழக்காக இடம்பெறும். வயதை உழவு மாட்டுக்கும் கலப்பினத்துக்கும் தனித்தனியாகப் பிரித்து எழுதிவிட்டேன். இதையும் திருப்பி அனுப்பினால் ஆசிரியை அம்மாவின் மடலை இணைத்து விடுவேன்.

புலவர் ஐயா:
என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். 'மடுத்தவா யெல்லாம் பகடன்னான்' என்ற குறளில் வண்டி இழுக்கும் அந்தப் பகடு காயடித்ததா, காயடிக்காததா? மருத்துவர் விளக்கினால் புதிய இழை தொடங்கத் தயார்.