3 மீட்டர் எமிஷன் முன்சோதனை: வளவா, மொட்டைமாடியா, கண்மாயா?

கேள்வி – செக்காலைப் பட்டறை
ஈதர்நெட் உள்ள டேட்டா லாகர், 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், 12 வோல்ட் அடாப்டர். சிஸ்பர் 32 கிளாஸ் பி (வீட்டுல பயன்படுற கருவி வெளியே விடுற ரேடியோ இரைச்சலுக்கான வரம்பு). சென்னை லேபுக்குப் போறதுக்கு முன்னாடி 3 மீட்டர் தூரத்துல ஆன்டெனா வச்சுப் பார்த்துக்கணும். ஸ்பெக்ட்ரம் அனலைசர் (எந்த அலைவரிசையில எவ்வளவு சிக்னல்னு காட்டுறது), பைகோனிக்கல், லாக் பீரியாடிக் ஆன்டெனா எல்லாம் இருக்கு. இடம் மூணு: கானாடுகாத்தான் பழைய வீட்டு வளவு (10க்கு 8 மீட்டர், மேலே இரும்புக் கம்பி வலை), காரைக்குடி மொட்டைமாடி, வறண்ட கண்மாய். வளவுல லாகரை ஆன் பண்ணாமலே 100.5 மெகாஹெர்ட்ஸ்ல ஒரு முள் (கூரான சிக்னல்) நிக்குது. எந்த இடம் சரி?

மறுமொழி – ஓரலை
100.5 கொடைக்கானல் பண்பலை தம்பி. எங்க போனாலும் கூடவே வரும், அதை வச்சு இடம் முடிவு பண்ண வேணாம். உங்க கிரிஸ்டலோட 4-ஆவது ஹார்மோனிக் (4 மடங்கு அலைவரிசை) சரியா 100-ல விழுது, கவலை அதுதான். ஸ்பான் (திரையில தெரியுற அகலம்) 2 மெகாஹெர்ட்ஸ், ஆர்பிடபிள்யூ (பிரிச்சுக் காட்டுற நுணுக்கம்) 10 கிலோஹெர்ட்ஸ் வச்சா ரெண்டும் தனித்தனியா தெரியும். எஃப்எம் நாட்ச் (பண்பலையை வெட்டுற ஃபில்டர்) போட்டீங்கன்னா 100-உம் சேர்ந்து அமுங்கிரும்.
ஆன்டெனா கேபிள்ல வெளியே 10 டிபி அட்டென்யுவேட்டர் (சிக்னலைக் குறைக்கிற துண்டு) மாட்டிப் பாருங்க. நிஜ சிக்னல் 10 டிபி இறங்கும். 20, 30 இறங்குற முள் அனலைசருக்குள்ளயே பிறந்தது.

மறுமொழி – பொட்டல்காடு
கண்மாய்தான். 3 மீட்டருக்கு 6 மீட்டர் நீளம், 5.2 மீட்டர் அகலத்துல நீள்வட்டம் காலியா இருக்கணும். அளவுக்கு வளவு போதும், ஆனா தலைக்கு மேல இருக்கிற கம்பி வலை பெரிய கண்ணாடி மாதிரி. ஆன்டெனாவை அரை மீட்டர் நகர்த்தினா ரீடிங் தாறுமாறா மாறும், எது நிஜம்னு சொல்ல முடியாது. மொட்டைமாடியில கீழே கம்பி, எதிரே செல்போன் டவர். விடுங்க.
கண்மாய்லயும் 11 கேவி லைன் பக்கம் போகாதீங்க, இன்சுலேட்டர் பொறி அகலமா இரைச்சல் கிளப்பும். தரையில அரை இஞ்ச் கண் கோழிவலை, ஓரம் 15 செ.மீ. ஏறிக்கிட்டு, கட்டுக்கம்பியால நெருக்கமா கட்டணும். இரும்பு மேசை ஆகாது, 80 செ.மீ. உயர மரமேசை. பிவிசி குழாய்க் கம்பத்துல ஆன்டெனாவை 1-லிருந்து 4 மீட்டர் வரை ஏத்தி இறக்குங்க: நேர் அலையும் தரையில பட்டு வர்ற அலையும் ஒரு உயரத்துல ஒண்ணையொண்ணு அழிச்சிக்கும், அந்த உயரத்துல மட்டும் அளந்தா குறைச்சுக் காட்டும்.

கேள்வி கேட்டவர்
நன்றிண்ணே. காலை 6 மணிக்கு மேக்ஸ் ஹோல்ட் (அதிகபட்ச ரீடிங்கைப் பிடிச்சு வைக்கிறது) 10 நிமிஷம், பின்னணி 125-ல லிமிட்டுக்கு 14 டிபி கீழே. லாகர் பேட்டரியில ஓடும்போது 125-ல 38 டிபி மைக்ரோவோல்ட்/மீட்டர். அடாப்டரை இன்வெர்ட்டர்ல போட்டா 30–60 மெகாஹெர்ட்ஸ் முழுக்க மேடு.

மறுமொழி – பொட்டல்காடு
அடாப்டரைக் கழட்டிட்டு குண்டு பல்பை மாட்டிப் பாருங்க. மேடு அப்படியே நின்னா இன்வெர்ட்டர்தான் குற்றவாளி. அதை 20 மீட்டர் தள்ளி வச்சு, கேபிள்ல ஃபெரைட் (இரைச்சலை அடக்குற காந்த வளையம்) போடுங்க. லேப்டாப்பும் சார்ஜர் இல்லாம.

மறுமொழி – ஓரலை
230 மெகாஹெர்ட்ஸ் வரை 3 மீட்டர் லிமிட் 40, அதுக்கு மேல 47. 38 பாஸ் இல்ல, இந்த மாதிரி இடத்துல 6 டிபியாவது கீழே நிக்கணும். ஆன்டெனா ஃபேக்டர் (ஆன்டெனாவுக்கான திருத்தம்), கேபிள் லாஸ் ரெண்டையும் ரீடிங்ல கூட்டினீங்களா? கூட்டியிருந்தா ஈதர்நெட் கேபிளை மட்டும் உருவிட்டு அளங்க. 125 சட்டுனு விழுந்தா கதிர் வீசுறது போர்டு இல்ல, அந்தக் கேபிள்.