குன்னூரில் வீடு, சரவணம்பட்டியில் ஆபீஸ்: கட்டுப்படியாகுமா?

கேத்திக்காரன் (கேள்வி)

கையில் வரும் சம்பளம் 62,000. ஆபீஸ் கோவை சரவணம்பட்டி. வாரம் மூன்று நாள் நேரில் போகணும், மீதி நாள் வீட்டிலிருந்தே வேலை. சரவணம்பட்டியில் இரண்டு பெட்ரூம் வீட்டுக்கு 18,000 வாடகை சொல்றாங்க. குன்னூரில் அதே அளவு வீடு 12,000க்குப் பார்த்து வச்சிருக்கேன். அப்பா அம்மா குன்னூர் பக்கத்தில் கேத்தியில் இருக்கிறதால மலையிலேயே இருக்க ஆசை. கையில் ஒரு பெட்ரோல் கார், டிஎன் 38 (கோவை) பதிவு.

தெரிஞ்சுக்க வேண்டியது: மாதக் கணக்கு எப்படி வரும்? மழைக்காலத்தில் ரோடு எப்படி? வீட்டிலிருந்து வேலை பார்க்க கரண்டும் நெட்டும் தாங்குமா? எச்.ஆர்.ஏ. (வீட்டு வாடகைப் படி) வரி விலக்குக்கு குன்னூர் வாடகை ரசீது செல்லுமா?

கணக்குப்பிள்ளை

வாடகையை மட்டும் பார்த்தால் 6,000 மிச்சம் மாதிரி தெரியும். முழுக் கணக்கைப் போட்டுப் பாருங்க.

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் 34 கிலோமீட்டர், அங்கிருந்து துடியலூர் வழியாக சரவணம்பட்டி இன்னொரு 35 வரும். போக வர 140. மலை ஏற்றத்தையும் சேர்த்து லிட்டருக்கு 15 கிடைக்குதுன்னு வைத்தால் ஒரு நாளைக்கு 9.3 லிட்டர். லிட்டர் 102 ரூபாய் என்றால் 950. மாதத்தில் 13 நாள் போனால் பெட்ரோல் மட்டும் 12,400. வாடகையோடு சேர்த்து 24,400. பிரேக் பேட், டயர், கிளட்ச் தேய்மானம் தனி. நேரமும் ஒரு வழிக்கு இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது.

சரவணம்பட்டியிலேயே இருந்தால் 18,000 வாடகை, உள்ளூர்ப் போக்குவரத்து 2,000. மொத்தம் 20,000. அதாவது தினசரி போய்வரும் குன்னூர் வீடு மாதம் 4,400 அதிகம்.

மூன்றாவது வழி, மூன்று நாளையும் அடுத்தடுத்து வைத்துக்கொண்டு இரண்டு ராத்திரி கீழே தங்குவது. சரவணம்பட்டிப் பக்கம் ஷேரிங் ஹாஸ்டல் பெட் மாதம் 6,500 என்று வைத்துக்கொள்வோம். வாரம் ஒரு தடவை காரில் இறங்கி ஏறினால் 4,100. வீட்டு வாடகையோடு 22,600. காரை மேலேயே விட்டுட்டு அரசுப் பஸ்ஸில் வந்தால் போக்குவரத்து ஆயிரத்துக்குள் முடியும், மொத்தம் 19,500. கீழே இருப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் 500 ரூபாய்தான்.

அதனால பணம் மிச்சம் பிடிக்கத்தான் மலைக்குப் போறேன்னு முடிவெடுக்காதீங்க, மிச்சமாகாது. அப்பா அம்மா பக்கத்தில் இருக்கணும் என்பதற்காகப் போறீங்கன்னா, மூன்றாவது வழியில் கைக்காசு கூடுதலாகப் போகாமல் அது நடக்கும். எல்லாமே அந்த மூன்று நாள் தொடர்ச்சியாகக் கிடைப்பதில் இருக்கு. திங்கள், புதன், வெள்ளி என்று பிரித்துக் கொடுத்தால் இந்த யோசனையையே விட்டுடுங்க. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் மேனேஜரிடம் கேட்டு மெயிலில் வாங்கிடுங்க.

எச்.ஆர்.ஏ. பற்றி: விலக்கு பழைய வரி முறையில்தான் உண்டு. வாடகை வீடு இருக்கும் ஊர்தான் கணக்கு, ஆபீஸ் இருக்கும் ஊர் இல்லை. குன்னூர், கோவை இரண்டுக்குமே உச்சவரம்பு அடிப்படைச் சம்பளத்தில் 40 சதவீதம், அதில் வித்தியாசமே இல்லை. வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டுவதால் வீட்டுக்காரரின் பான் நம்பர் கேட்பாங்க. ஆனால் உங்க சம்பளத்துக்கு இதெல்லாம் தேவைப்படாது. 2025–26 நிதியாண்டு முதல் புதிய முறையில் சம்பளக்காரர்களுக்கு 12.75 லட்சம் வரை வரியே வராது. புதிய முறையிலேயே இருங்க.

பர்லியார் வளைவு

ரோட்டைப் பற்றி நான் சொல்றேன்.

குன்னூர், கோத்தகிரி இரண்டும் மலையின் கிழக்குச் சரிவு. இங்கே பெரிய மழை ஜூன், ஜூலையில் இல்லை, வடகிழக்குப் பருவமழையில்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர் ரோட்டில் கல்லார், பர்லியார், காட்டேரி பகுதியில் மண்சரிவு, மரம் விழுவது வழக்கம். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி பக்கம் நடந்த மண்சரிவுகளை இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆபீஸ் நாள் விஷயத்தில் இந்த மூன்று மாதத்துக்கு மட்டும் தனி ஏற்பாடு பேசி வச்சுக்கோங்க. மழை எச்சரிக்கை வந்தால் முந்தின நாள் பகலிலேயே கீழே இறங்கிடணும், விடியக்காலையில் இறங்கலாம்னு காத்திருக்கக் கூடாது.

குன்னூர் ரோடு அடைபட்டால் கோத்தகிரி வழி. அதுவும் அடைபட்ட நாட்கள் உண்டு. மஞ்சூர், கெத்தை, முள்ளி, வெள்ளியங்காடு வழியாக காரமடைக்கு ஒரு ரோடு இறங்குது, 43 கொண்டை ஊசி வளைவு, வனத்துறை சோதனைச் சாவடி, யானை நடமாட்டம். ஆபீஸுக்குப் போகிற வழியாக அதை நினைக்கவே வேண்டாம். மலை ரயிலும் உங்களுக்கு உதவாது. காலையில் மேலே ஏறி, மாலையில் கீழே இறங்குது, உங்க தேவைக்கு நேர் எதிர்.

ஏப்ரல், மே சீசனில் ஒருவழிப் பாதை போடுவாங்க. மேலே வரும் சுற்றுலா வண்டிகள் குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி. அந்த வாரங்களில் குன்னூரிலிருந்து இறங்கும் நேரத்தை நம்பி மீட்டிங் வைக்காதீங்க.

இ-பாஸ் (வெளியூர் வண்டி நீலகிரிக்குள் வர ஆன்லைனில் வாங்கும் அனுமதி): 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கு. டிஎன் 43 (நீலகிரி பதிவு) வண்டிக்கு வேண்டாம், அரசுப் பஸ்ஸில் வருபவர்களுக்கும் வேண்டாம். உங்களுடையது டிஎன் 38, சாவடியில் வெளியூர் வண்டியாகத்தான் பார்ப்பாங்க. ஆர்.சி., இன்சூரன்ஸ், குன்னூர் முகவரிச் சான்று காட்டி உள்ளூர் பாஸ் வாங்கிடுங்க. அதுக்கு வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்தால் நல்லது.

இனி இறக்கம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம், குன்னூர் 1,850. முப்பத்தைந்து கிலோமீட்டருக்குள் 1,500 மீட்டர் இறங்குறீங்க. அந்த வேகத்தை எல்லாம் பிரேக்கில் பிடித்தால் அத்தனையும் சூடாகத்தான் மாறும். டிஸ்க்கில் ஏறும் சூடு காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) வழியாக பிரேக் ஆயிலுக்குப் போகும். டாட் 3 தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி தாங்கும். ஈரம் உறிஞ்சிப் பழசானால் 140லேயே கொதிச்சிடும். கொதிச்சால் குழாயில் ஆவிக்குமிழி, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. இந்த மலைக் காற்றின் ஈரத்தில் ஆயில் சீக்கிரம் பழசாகும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை கட்டாயம் மாற்றுங்க, உங்க வண்டிக்கு அனுமதி இருந்தால் டாட் 4 போடுங்க.

ஏறின கியரிலேயே இறங்கணும் என்பது பழைய டிரைவர்கள் கணக்கு. இரண்டாவது, மூன்றாவது கியரில் இன்ஜினே வண்டியைப் பிடிக்கட்டும். பிரேக் மேலே காலை வைத்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன்னால் அழுத்தி வேகத்தைக் குறைத்து முழுசாக விடுங்க, ஆறுவதற்கு நேரம் கிடைக்கும். கருகின வாசனை வந்தால் ஓரம் கட்டி இருபது நிமிஷம் நிறுத்துங்க. சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீங்க, சூட்டில் இருக்கும் டிஸ்க் கோணிடும். கொண்டை ஊசியில் பஸ் திரும்ப முழு ரோடும் வேணும், மேலே ஏறி வரும் வண்டிக்கு முதலிடம், வளைவுக்கு முன்னாலேயே நின்று வழி விடணும். மேகம் இறங்கினால் லோ பீம் மட்டும். ஓடும்போது ஹசார்டு விளக்கு போட்டால் பின்னால் வருபவருக்கு நீங்க எந்தப் பக்கம் திரும்புறீங்கன்னு தெரியாது.

காரமடை

மேட்டுப்பாளையத்தை ஏன் விட்டுட்டீங்க? அங்கே 10,000 வாடகைன்னு வச்சுக்கோங்க. சரவணம்பட்டி 35 கிலோமீட்டர், முழுக்கத் தரை ரோடு. பைக்கில் 13 நாளுக்கு பெட்ரோல் 2,000 சொச்சம். மொத்தம் 12,000, மேலே போட்ட எல்லாக் கணக்கையும்விட குறைவு. வார இறுதியில் கேத்திக்கு ஏறிடலாம், அடுத்த பஸ் எப்போன்னு கவலைப்பட வேண்டாம். கோவைக்கு மெமு ரயிலும் இருக்கு, மாத சீசன் டிக்கெட் சில நூறு ரூபாய்தான். ஆனால் அது கோவை வடக்கு, ஜங்ஷன் பக்கம் வேலை இருப்பவர்களுக்குத்தான் சரி. சரவணம்பட்டிக்கு இறங்கி இன்னொரு பஸ் பிடிக்கணும். வெயிலும் கொசுவும் மலையோடு ஒப்பிட முடியாது, அது உண்மை.

கேத்திக்காரன்

எல்லோருக்கும் நன்றி. மேனேஜரிடம் பேசிட்டேன், செவ்வாய் புதன் வியாழன் தொடர்ச்சியாகக் கொடுத்துட்டாங்க. அப்பாவுக்கு உடம்பு முடியாததால மேட்டுப்பாளையம் வேண்டாம், குன்னூர்தான். வீடு பார்க்கும்போது எதைக் கவனிக்கணும்? பழைய மின்சாரக் கார் ஒன்றும் விலைக்கு வருது, எடுக்கலாமா?

பர்லியார் வளைவு

ஏற்றத்துக்கு எவ்வளவு யூனிட் வேணும்னு முதலில் பாருங்க. ஆள், சாமானோடு 1,500 கிலோ வண்டியை 1,500 மீட்டர் தூக்க 6 யூனிட். மோட்டார் இழப்பு, ரோடு உராய்வு எல்லாம் சேர்த்து கல்லாரிலிருந்து குன்னூர் வர பத்து யூனிட்டுக்கு மேல் போகும். பேட்டரி தேய்ந்த பழைய வண்டி என்றால் காட்டும் தூரத்தை நம்பாதீங்க. மேட்டுப்பாளையத்தில் கையிருப்பு எத்தனை யூனிட்னு பார்த்துத்தான் ஏறணும். இன்னொன்று, குன்னூரில் நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிட்டு இறங்கினால் இறக்கத்தில் மோட்டார் உண்டாக்கித் திருப்பி அனுப்பும் கரண்டை வாங்க பேட்டரியில் இடம் இருக்காது. அப்போ மோட்டார் வண்டியைப் பிடிக்காது, முழு வேலையும் பிரேக்குக்குத்தான். எண்பத்தைந்தோடு நிறுத்துங்க. வாரம் ஒரு தடவை இறங்குவதற்காக மட்டும் வாங்குறதா இருந்தால் வேண்டாம்னு சொல்வேன். பஸ் போதும்.

தேயிலைமேடு

வீட்டை மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்க. மலையை வெட்டிக் கட்டின வீடு என்றால் பின்பக்கத் தடுப்புச் சுவருக்குப் போங்க. சுவரில் வரிசையாக நீர் வடியும் ஓட்டைகள் இருக்கணும், அதிலிருந்து தண்ணீர் தெளிவாக வடியணும். ஓட்டை அடைபட்டுச் சுவர் வயிறு தள்ளியிருந்தாலோ, கலங்கின சேறு வந்தாலோ, மேலே சரிவில் புதிதாக ஜேசிபி வெட்டின மண் தெரிந்தாலோ அந்த வீடு வேண்டாம். எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

அடுத்தது ஈரம். சரிவைத் தொட்டுக்கொண்டிருக்கும் அறையில் அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுத் தடவிப் பாருங்க, புதுப் பெயின்ட் அடித்து மறைத்திருந்தாலும் சில்லென்ற ஈரம் கையில் தெரியும். காலை வெயில் படும் கிழக்குப் பார்த்த அறையை வேலை அறையாக வச்சுக்கோங்க. வடக்கில் மரம் அடைத்த அறையில் துணி, புத்தகம், லெதர் பை எல்லாம் பூஞ்சை பிடிக்கும்.

குன்னூரில் தண்ணீர் எப்போதும் பிரச்சினை. நகராட்சிக் குழாய் எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருது, தொட்டி எவ்வளவு லிட்டர், கோடையில் லாரித் தண்ணீர் யார் செலவு என்று வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்காமல் பக்கத்து வீட்டிலும் கேளுங்க. ரோட்டிலிருந்து வீட்டுக்கு எத்தனை படி என்பதையும் எண்ணுங்க, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரணும் இல்லையா. விடியக்காலை பஸ்ஸுக்கு நடக்கிற வழியில் தெருவிளக்கு எரிகிறதா பாருங்க. காட்டெருமையும் கரடியும் குடியிருப்புக்குள் வருகிற ஊர், டார்ச் இல்லாமல் கிளம்ப வேண்டாம்.

ஒப்பந்தம் எழுத்தில் போடுங்க. 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி அது கட்டாயம். வேறு மாதிரி ஒத்துக்கொண்டு எழுதாத வரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. பத்து மாதம் கேட்டால் சட்டத்தைச் சொல்லிப் பேசுங்க. கரண்டுக்குத் தனி மீட்டர் இருக்கான்னு பாருங்க. மீட்டர் பொதுவாக இருந்தால் முதல் 100 யூனிட் இலவசம் உங்களுக்கு வராது.

ஃபியூஸ் கேரியர்

கரண்ட் விஷயம் மட்டும் சொல்றேன். மலையில் மரம் விழுந்து லைன் அறுந்தால் அரை நாள், ஒரு நாள் ஆகும். இரண்டு மணி நேர யுபிஎஸ் போதாது.

லேப்டாப் 50 வாட், மானிட்டர் 25, ஃபைபர் பெட்டியும் ரூட்டரும் 15. மொத்தம் 90 வாட். 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர் ஹவர்) டியூபுலர் பேட்டரியில் கணக்குப்படி 1,800 வாட் ஹவர். இன்வெர்ட்டர் இழப்பு, குளிரில் குறையும் திறன், முழுக்கக் காலி பண்ணக் கூடாது என்பதெல்லாம் கழித்தால் கையில் 1,000 வரும். பதினோரு மணி நேரம், ஒரு வேலை நாளுக்குத் தாராளம். அந்த லைனில் ஹீட்டர், இன்டக்‌ஷன், கீசர் எதையும் கோர்க்காதீங்க.

நெட்டுக்கு ஃபைபர் எடுத்தாலும் கேபிள் பெரும்பாலும் அதே மின்கம்பத்தில்தான் ஓடும், மரம் விழுந்தால் இரண்டும் சேர்ந்து போகும். அதனால வேற கம்பெனி சிம் ஒன்று கட்டாயம். வீடு பார்க்கப் போகும்போது இரண்டு மூன்று சிம்மை எடுத்துப்போய், வேலை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வீடியோ கால் போட்டுப் பாருங்க. வராந்தாவில் நாலு புள்ளி காட்டும், கல் சுவருக்குள்ளே ஒன்றுகூட இருக்காது. பள்ளத்தில் இருக்கும் வீடுகளில் இது ரொம்ப அதிகம்.

2,000 வாட் ரூம் ஹீட்டர் தினம் நாலு மணி நேரம் ஓடினால் எட்டு யூனிட், இரண்டு மாதத்துக்கு 480. மற்ற உபயோகத்தோடு சேர்ந்து 500ஐத் தாண்டினால் கீழ் அடுக்கு யூனிட்டுகளுக்கும் விலை ஏறிடும். அறை முழுக்கச் சூடேற்றாமல் 100 வாட் மின்கம்பளி ஒன்றை மடியில் போட்டு உட்காருங்க. இடி மின்னல் நேரத்தில் ரூட்டர் அடாப்டர்தான் முதலில் போகும். எர்த் சரியாக இருக்கான்னு எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துட்டு சாமானை இறக்குங்க.