காஸ் போர்ட்டா ப்ரோ மடிப்பு ஹெட்போன்: முதல் அனுபவமும் சில சந்தேகங்களும்

மாம்பலம்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக வாங்க வேண்டும் என்று இருந்த காஸ் போர்ட்டா ப்ரோ கைக்கு வந்துவிட்டது. அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்த அக்கா மகன் வாங்கி வந்தான். 1984-இல் வந்த மாடலை இன்னமும் ஏறக்குறைய அதே உருவத்தில் விற்கிறார்கள் என்பதே எனக்கு ஆச்சரியம்தான். முதலில் மடிக்கிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. தலைக்கு மேல் போகிற இரண்டு மெல்லிய எஃகுப் பட்டைகளும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி உள்ளே போகின்றன, காதில் பதிகிற இரண்டு குமிழும் உள்பக்கமாக மடங்குகின்றன, ஒரு முனையில் இருக்கிற சின்னக் கொக்கியை மறுமுனையில் மாட்டிவிட்டால் மொத்தமும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது. எடையும் ரொம்பக் குறைவு, போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் தலையில் ஒன்று இருப்பதே மறந்துபோகிறது.

ஒரு கச்சேரிப் பதிவைப் போட்டுக் கேட்டேன். மிருதங்கத்தில் தொப்பிப் பக்கம் (இடது பக்கம்) விழுகிற கும்கி என்ற ஆழ்ந்த நாதம் இவ்வளவு நிறைவாக இந்தச் சின்னப் பஞ்சுக்குள்ளிருந்து வரும் என்று நினைக்கவில்லை. தம்பூரா பாடகருக்குப் பின்னால் தள்ளி ஒலிக்கிற மாதிரி இருக்கிறது, அதுவும் நன்றாக இருக்கிறது. ஆனால் வயலின் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறது, இது எனக்கு மட்டும்தானா?

இப்போது சந்தேகங்கள். என் ஆண்ட்ராய்டு போனில் ஹெட்போன் ஜாக் கிடையாது, அடாப்டர் போட்டுத்தான் கேட்கிறேன், வால்யூமை முழுதாக வைத்தாலும் சத்தம் குறைவாக இருக்கிறது. இது 60 ஓம் மின்தடை உள்ள ஹெட்போன் என்பதால் தனியாக ஒரு ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் கருவி) வாங்க வேண்டும் என்கிறான் நண்பன், உண்மையா? அப்புறம், இரண்டு பக்கமும் லைட், ஃபர்ம் என்று ஒரு குட்டி நெம்பு இருக்கிறதே, அது உண்மையில் என்ன செய்கிறது? கடைசியாக, தினமும் மின்சார ரயிலில் போய்வருகிறேன், அதில் போட்டுக்கொண்டு போகலாமா?

ஓம்விதி:
ஆம்ப் வாங்கிக் காசைக் கரியாக்க வேண்டாம். 60 ஓம் என்ற எண்ணை மட்டும் பார்த்துப் பலரும் பயந்துவிடுகிறார்கள், பார்க்க வேண்டியது அதோடு சேர்ந்த இன்னொரு எண். இந்த ஹெட்போனுக்கு 1 மில்லிவாட் கொடுத்தால் 101 டெசிபல் வரும் என்பது காஸ் தருகிற அளவு. 60 ஓமில் 1 மில்லிவாட் என்றால் 0.245 வோல்ட், அதாவது கால் வோல்ட்டுக்கும் சற்றுக் குறைவு. சாதாரண போன் அரை வோல்ட் கொடுத்தாலே 107 டெசிபல் வந்துவிடும், ஒரு வோல்ட் கொடுத்தால் 113. அந்த அளவுச் சத்தமே காதுக்கு நல்லதில்லை.

ஆகவே குறை அடாப்டரிலோ போனிலோதான் இருக்க வேண்டும். யூஎஸ்பி-சி அடாப்டரில் இரண்டு வகை உண்டு. ஒன்று வெறும் ஒயர்தான், போனே அனலாக் ஒலியை யூஎஸ்பி-சி துளை வழியாக வெளியே அனுப்பினால்தான் வேலை செய்யும், அனுப்பாத போனில் மாட்டினால் சத்தமே வராது. இன்னொன்றில் உள்ளேயே டேக் சிப் இருக்கும், டிஜிட்டலை அதுவே ஒலியாக மாற்றும். இந்த இரண்டாவது வகையில் அடாப்டருக்கென்று தனியாக ஒரு வால்யூம் உண்டு, நம் கண்ணுக்குத் தெரியாது. வேறு வகைப் போனை மனதில் வைத்துச் செய்த அடாப்டராக இருந்தால் உங்கள் போன் அந்த வால்யூமை முழுதாகத் திறக்காமலே விட்டுவிடும், திரையில் மட்டும் வால்யூம் முழுதாக இருப்பதாகக் காட்டும். அதே அடாப்டரை யூஎஸ்பி-சி இருக்கிற லேப்டாப்பில் மாட்டிப் பாருங்கள். அங்கே சத்தம் தாராளமாக வந்தால் ஹெட்போன் மேல் பழி இல்லை, வேறு அடாப்டர் வாங்கினால் போதும்.

தவில்தெரு:
வயலின் மங்கலாகத் தெரிவது உங்களுக்கு மட்டும் இல்லை. இதன் சுபாவமே அதுதான்: 100 ஹெர்ட்ஸ் பக்கம் பேஸை (தாழ்ந்த ஒலியை) கொஞ்சம் தூக்கி, உச்சத்தில் மழுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளதை உள்ளபடி சொல்லும் ஹெட்போன் என்று இதை யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் மணிக்கணக்காகக் கேட்டாலும் அலுக்காது, எனக்கு அது பெரிய விஷயம். நாதஸ்வரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், உச்சம் கூர்மையாக இருக்கிற ஹெட்போனில் அரை மணி நேரத்தில் காது வலிக்க ஆரம்பித்துவிடும், இதில் இதமாக இருக்கும். 80களின் திரைப்பாடல்களில் பேஸ் கிட்டார் எந்த வழியாகப் போகிறது என்று கவனித்துக் கேட்கிற பழக்கம் இருந்தால் இதை விடவே மாட்டீர்கள்.

அந்த நெம்பு விஷயம். காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டுக்குப் பக்கத்தில் பதிகிற குட்டி மெத்தை ஒன்று இருக்கிறது பாருங்கள், லைட் வைத்தால் அழுத்தத்தை அந்த மெத்தை அதிகமாக வாங்கிக்கொள்ளும், காதில் லேசாகத்தான் உட்காரும். ஃபர்ம் வைத்தால் பஞ்சு காதோடு நெருங்கிப் பதியும். நெருங்கினால் பேஸ் கூடும், விலகினால் குறையும், அவ்வளவுதான். ஒரே பாட்டைப் போட்டுவிட்டு விரலால் குமிழை லேசாக அழுத்திப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். காதின் துளைக்கு நேராக உட்காருகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் பின்னால் தள்ளி உட்கார்ந்தாலே குரல் மங்கிவிடும். உங்கள் வயலின் பிரச்சினை அதிலேயே பாதி தீரலாம்.

இன்னொன்று. நூறு மணி நேரம் ஓடவிட்டால்தான் நிஜமான ஒலி வரும் என்று நிறைய பேர் சொல்வார்கள். மாறுவது பெரும்பாலும் பஞ்சு அமுங்கிக் காதுக்கு ஏற்றபடி படிவதும் நம் காது பழகிப்போவதும்தான். ராத்திரி முழுக்க ஓடவிட வேண்டியதில்லை, போட்டுக் கேளுங்கள்.

கடற்கரைலோக்கல்:
கடற்கரை - தாம்பரம் பாதையில் தினமும் போகிறவன் சொல்கிறேன், ரயிலில் வேண்டாம். இது திறந்த வகை ஹெட்போன், குமிழின் பின்பக்கம் அடைப்பு கிடையாது. வெளிச்சத்தம் அப்படியே உள்ளே வரும், நம் பாட்டு அப்படியே வெளியே போகும். பக்கத்து சீட்டில் இருப்பவருக்குத் தொந்தரவு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், அதைவிட எனக்குக் கவலை உங்கள் காதுதான். ரயில் இரைச்சலுக்கு மேல் பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் கை தானாக வால்யூமைக் கூட்டும். 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம்தான் பாதுகாப்பு என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். சத்தம் மூன்று டெசிபல் ஏற ஏற நேரம் பாதி பாதியாகக் குறையும், 90 டெசிபலுக்குப் போனால் வாரத்துக்கு நாலு மணி நேரம்தான் மிச்சம். தினமும் போகவர ரயிலில் இருக்கிற ஒருவருக்கு அது சில நாளிலேயே தீர்ந்துபோகும். மேலே ஓம்விதி சொன்ன 107, 113 எல்லாம் சும்மா கணக்கு இல்லை, இந்த ஹெட்போனால் உண்மையிலேயே அங்கே போக முடியும்.

ரயிலுக்குக் காதுத் துளைக்குள் போகிற ரப்பர் முனை இயர்போன் ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள், வெளிச்சத்தத்தை அடைத்துவிட்டால் குறைந்த வால்யூமிலேயே கேட்கலாம். மூடிய வகை மடிப்பு ஹெட்போன் ஒன்றும் வைத்திருந்தேன் (கம்பெனி பெயர் வேண்டாம்), மடிக்கிற இடத்தில் பிளாஸ்டிக் விரிசல் விட்டு ஒரு பக்கம் தொங்கிப்போனது. போர்ட்டா ப்ரோவில் வளைகிற வேலையை எஃகுப் பட்டை பார்த்துக்கொள்வது எனக்கு அதனாலேயே பிடிக்கும். காலையில் நடக்கப் போகும்போது இதுதான், பின்னால் வருகிற வண்டியின் ஹாரன் காதில் விழும்.

மாம்பலம்வாசி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஓம்விதி சொன்ன மாதிரி அதே அடாப்டரை லேப்டாப்பில் மாட்டினேன், பாதி வால்யூமுக்கு மேல் போகவே முடியவில்லை, அவ்வளவு சத்தம். வேறு அடாப்டர் ஆர்டர் செய்துவிட்டேன். ஃபர்ம் பக்கம் தள்ளி, குமிழைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைத்ததில் வயலினும் தெளிந்தது. ரயிலுக்கு எடுத்துப் போகவில்லை, வீட்டுக்கும் மாலை நடைக்கும் மட்டும்தான். இனி ஒரே கவலை பஞ்சு, நம் ஊர் வியர்வைக்கு எவ்வளவு நாள் தாங்கும்?

மழைக்காலம்:
பஞ்சு எப்படியும் போகும், அதற்குக் கவலைப்படாதீர்கள். பாலியூரித்தேன் பஞ்சு, காற்றில் ஈரப்பதம் அதிகமான ஊரில் வருடங்கள் போகப் போகப் பொடிப்பொடியாக உதிரும். நடந்துவிட்டு வந்ததும் உடனே மடித்துப் பைக்குள் போடாமல் வெளியே வைத்து உலரவிடுங்கள், அதுவே ஆயுளைக் கூட்டும். பஞ்சை மட்டும் கழற்றி மிதமான சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காயவைக்கலாம், பிழிய வேண்டாம், கிழிந்துவிடும். மாற்றுப் பஞ்சு 50 மில்லிமீட்டர் என்று கேட்டு வாங்குங்கள், பொருந்தும். மாட்டும்போது பஞ்சின் விளிம்பை ஒரு பக்கம் குமிழில் மாட்டிவிட்டு மெதுவாகச் சுற்றி இழுத்துக்கொண்டே வாருங்கள். ரொம்பத் தடிமனான பஞ்சு வாங்கிவிடாதீர்கள், ஸ்பீக்கர் காதிலிருந்து தள்ளிப்போய் உங்களுக்குப் பிடித்த அந்தக் கும்கி குறைந்துவிடும்.

வீட்டில் நீள முடி இருப்பவர்கள் போட்டால் சொல்லுங்கள்: பட்டையை முதலில் வெளியே வைத்து இழுத்து அளவு பார்த்துவிட்டு அப்புறம் தலையில் வைக்க வேண்டும். தலையில் வைத்துக்கொண்டே சுருக்கினால் இரண்டு பட்டைக்கும் நடுவில் முடி சிக்கிக்கொள்ளும்.