டென்வர் டூர்: முதல் மூணு நாள் (குடும்பக் குழு)

சாந்தி அத்தை: டூர்காரங்க ப்ரோக்ராம் அனுப்பிட்டாங்க. ஜூலை முதல் வாரம். முதல் நாள் அமெரிக்காவுல டென்வர்ல இறங்குறது, ரெண்டாம் நாள் ஊரும் ரெட் ராக்ஸ்ங்கிற திறந்தவெளி அரங்கமும், மூணாம் நாள் எஸ்டஸ் பார்க்ங்கிற மலை ஊர், அங்கிருந்து ராக்கி மவுண்டன் தேசியப் பூங்கா வழியாப் போற ட்ரெயில் ரிட்ஜ் ரோடு. செந்தில், சரியா இருக்காப்பா?

செந்தில்: வரிசை ரொம்ப நல்லா இருக்கு அத்தை. டென்வர் 5,280 அடி, ரெட் ராக்ஸ் 6,450, எஸ்டஸ் பார்க் 7,500, ட்ரெயில் ரிட்ஜ் உச்சி 12,183. உடம்பு பழகப் பழக ஏறுறீங்க. மறுநாளே உச்சிக்குக் கூட்டிட்டுப் போற டூரும் இருக்கு. அதுலதான் பாதிப் பேர் தலைவலி, வாந்தின்னு பஸ்லயே உக்காந்துடுவாங்க.

மூர்த்தி மாமா: ஊட்டியே 7,300 அடி. அங்க ஒண்ணும் ஆகலையே?

மீனா: ஊட்டி வேற மாமா. 12,000 அடில ஒரு மூச்சுக்குக் கிடைக்கிற ஆக்சிஜன், கடல்மட்டத்துல கிடைக்கிறதுல மூணுல ரெண்டு பங்குகூட இல்ல. இறங்கின அன்னிக்கு ராத்திரியே லேசா தலைவலி, தூக்கமின்மை வரலாம். தூக்க மாத்திரை போடாதீங்க, அது மூச்சை இன்னும் மந்தமாக்கும். ரெண்டு நாளைக்கு மது வேண்டாம்.

உயரத்தால வர்ற தலைவலி, வாந்தியைத் தடுக்கற அசெட்டசோலமைடு மாத்திரையை ஏறுறதுக்கு முந்தின நாளே ஆரம்பிக்கணும். அத்தைக்கு சல்ஃபா மருந்து அலர்ஜி, இதுவும் அந்த வகைதான், அதனால டாக்டரைக் கேக்காம தொடக்கூடாது. மாமாவோட பிபி மாத்திரைல சிறுநீர் பிரியற மருந்து சேர்ந்திருக்கான்னும் கேளுங்க. அங்க காத்து வறட்சி, வேர்வை தெரியாமலே காஞ்சுடும், உடம்புல நீர் குறையும். எல்லா மாத்திரையும் கைப்பைலதான் வரணும்.

சாந்தி அத்தை: ஏர்போர்ட்ல கூட்டிட்டுப் போக வண்டி இல்லைன்னு போட்டிருக்கு.

செந்தில்: டாக்ஸி வேண்டாம் அத்தை. ஏர்போர்ட்லயே ஏ லைன் ரயில் இருக்கு. 37 நிமிஷத்துல ஊர் நடுவுல இருக்கற யூனியன் ஸ்டேஷன். டிக்கெட் 10 டாலர், 65 வயசு தாண்டினா சலுகை. அங்கிருந்து 16-வது தெருவுல ஓடற பஸ் இலவசம். அன்னிக்கு அதுக்கு மேல எதுவும் வச்சுக்காதீங்க. சாயங்காலம் வெளிச்சத்துல அரை மணி நடங்க, உள்ளூர் நேரம் 9 மணி வரைக்கும் முழிச்சிருங்க. 11.30 மணி நேர வித்தியாசம் அப்பதான் சீக்கிரம் பழகும்.

மூர்த்தி மாமா: கேபிடல்ங்கிற மாநிலச் சட்டமன்றக் கட்டடத்துல ஒரு மைல் உயரப் படின்னு ஒண்ணு இருக்காமே?

செந்தில்: மேற்குப் பக்கப் படிக்கட்டு மாமா. 15-வது படில ‘கடல்மட்டத்துக்கு ஒரு மைல் மேல’ன்னு செதுக்கியிருக்கும், எல்லாரும் அங்கதான் போட்டோ எடுப்பாங்க. 2003-ல திரும்ப அளந்தப்ப 13-வது படிதான் சரின்னு குறி வச்சாங்க. ரெண்டுலயும் நில்லுங்க. ரெட் ராக்ஸ்ல பஸ்ஸை மேல் பார்க்கிங்ல நிறுத்தச் சொல்லுங்க. கீழ விட்டா படியேறியே மூச்சு வாங்கிடும். 1941-ல திறந்த அரங்கம், ரெண்டு பக்கமும் செம்பாறைச் சுவர், அவசியம் பாக்கணும். கச்சேரி இருக்கற நாள்ல மதியத்துக்கு மேல பொதுமக்களை விடமாட்டாங்க, அதனால காலைலயே போற மாதிரி கைடுகிட்ட கேளுங்க.

சாந்தி அத்தை: சாப்பாடு? சைவம் கிடைக்குமா?

செந்தில்: கிடைக்கும், ஆனா பேரைப் பாத்து ஏமாறாதீங்க. டென்வர்ல ‘கிரீன் சில்லி’ங்கிறது மிளகாய்க் குழம்பு, பெரும்பாலும் பன்றிக்கறி போட்டதுதான். மெக்சிகன் பீன்ஸ் மசியல்லயும் பன்றிக்கொழுப்பு இருக்கும், கேட்டுட்டு வாங்குங்க. ‘ராக்கி மவுண்டன் ஆய்ஸ்டர்’ சிப்பியே இல்ல, காளையோட விதை.

மீனா: மூணாம் நாள் பஸ் எத்தனை மணிக்குக் கிளம்புது?

சாந்தி அத்தை: 7 மணிக்குன்னு போட்டிருக்கு.

செந்தில்: நல்லது. ஜூலைல மதியம் ஆனா மலைமேல இடி மின்னல். சுமார் 11,500 அடிக்கு மேல மரமே கிடையாது, திறந்தவெளில நிக்கறவங்கதான் உயரமான பொருள். இடிச்சத்தம் கேட்டதுமே பஸ்ஸுக்குள்ள வந்துடணும். டென்வர்ல 32 டிகிரி அடிக்கிற அன்னிக்கும் மேல ஸ்வெட்டரும் காத்துக்குத் தாங்கற ஜாக்கெட்டும் வேணும். எல்க் மான்கிட்ட 75 அடி, மூஸ்ங்கிற பெரிய மான்கிட்ட 120 அடி தள்ளி நிக்கணும், அது தேசியப் பூங்கா விதி. புல்தரைல மிதிக்காம பாதைலயே நடங்க, அந்தச் செடிங்க திரும்ப முளைக்கப் பல வருஷம் ஆகும்.

மீனா: மேல போனதும் அஞ்சு நிமிஷம் மெதுவா நடந்து பாருங்க. சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ மத்தவங்க என்ன நினைப்பாங்கன்னு பாக்காதீங்க. கைடுகிட்ட உடனே சொல்லி கீழ இறங்கணும். மாத்திரை போட்டுட்டு அங்கயே காத்திருக்கறது கூடாது.

மூர்த்தி மாமா: சரிம்மா. சல்ஃபா விஷயம் வெள்ளிக்கிழமை டாக்டர்கிட்ட கேட்டு இங்கயே போடறேன்.

செந்தில்: ஊறுகாய் பாட்டிலை ரெண்டு கவர்ல சுத்தி செக்-இன் பெட்டில வைங்க அத்தை. காத்தழுத்தம் குறைஞ்சதும் மூடி ஓரமா எண்ணெய் கசியும்.